டிஎம்எஸ்ஓவும் செல் சவ்வும்: செல்லை உறைய வைக்கும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு, உறையும் செல்லைக் காக்கச் சேர்க்கும் திரவம்) 10 சதவீதம், மீதி 90 சதவீதம் சீரமோ (ரத்தத்தின் தெளிந்த நீர்) சீரம் சேர்த்த மீடியமோ (செல் வளரும் ஊட்டநீர்), நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்ச்சி. செல் வளர்ப்பு லேப்களில் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு இது. அப்படியிருந்தும் ஒருவர் போட்ட வயலில் (உறைய வைக்கும் சிறு குப்பி) செல்கள் மறுநாளே தட்டில் ஒட்டிக்கொள்கின்றன. இன்னொருவர் போட்டதில் பாதிக்கு மேல் செத்து மிதக்கின்றன. கணக்கில் தப்பில்லை. டிஎம்எஸ்ஓவை உள்ளே விடும் விதமும் வெளியே எடுக்கும் விதமும்தான் வேறுபடுகின்றன.

குளிரில் சவ்வு என்ன ஆகிறது

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கும். செல் சவ்வில் இந்த இரண்டு சாதிக் கொழுப்பும் கலந்தே இருக்கின்றன. தனியாக எடுத்துப் பார்த்தால், நிறைவுற்ற கொழுப்பான டிபிபிசி 41 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். நிறைவுறாத கொழுப்பான டிஓபிசி மைனஸ் 17 வரை இளகியே இருக்கும். குளிரக் குளிர முந்தி இறுகுவது திட்டுத் திட்டாக ஒதுங்குகிறது. திட்டின் விளிம்பில்தான் கசிவு. கொலஸ்ட்ரால் இந்த மாற்றத்தை ஓரளவு மழுப்பிவிடும்.

இதைவிடப் பெரிய அடி உப்பிலிருந்து வருகிறது. பனிக்கட்டி உப்பைச் சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும். மைனஸ் 10 டிகிரியில், உறையாமல் மிஞ்சிய நீரில் உப்பின் செறிவு ஏறத்தாழ 18 மடங்காகிறது. 10 சதவீத டிஎம்எஸ்ஓ இருந்தால் அது சுமார் 3 மடங்கோடு நிற்கும். டிஎம்எஸ்ஓ தரும் காப்பில் பெரும்பங்கு இதுதான்.

ஆனால் அது சவ்வையும் சும்மா விடுவதில்லை. கொழுப்புத் தலைகளுக்கு இடையே நுழைந்து அவற்றை விலக்குகிறது. சவ்வு மெலிகிறது, நீர் எளிதாகக் கடக்கிறது. கணினி உருவகப்படுத்தல்களில் சுமார் 10 மோல் சதவீதத்தில் (அதாவது 100 மூலக்கூறில் 10 டிஎம்எஸ்ஓ) சவ்வில் நீர்த்துளைகள் தோன்றித் தோன்றி மறைகின்றன. 25ஐத் தாண்டினால் சவ்வின் இரட்டைக் கொழுப்பு அடுக்கே கலைகிறது. நம் 10 சதவீதக் கரைசல் வெறும் 2.7 மோல் சதவீதம்தான். அப்படியானால் ஆபத்து எங்கே? செல் மீது சுத்த டிஎம்எஸ்ஓ சொட்டு விழும் அந்த நொடியில். கலந்து முடியும்வரை அந்த இடத்துச் செல்கள் பல மடங்கு செறிவில் குளிக்கின்றன. போதாக்குறைக்கு, டிஎம்எஸ்ஓ நீரில் கரையும்போது சூடும் கிளம்பும்.

5 வயலுக்கு

நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும், 90 சதவீதத்துக்கு மேல் உயிரோடுள்ள செல்களை எடுங்கள். தட்டு நிரம்பி நெரிசலான செல்கள் வேண்டாம்.

1. முதலில் கலவை: 2 மி.லி. சீரத்தில் 0.5 மி.லி. டிஎம்எஸ்ஓ. இது 20 சதவீதம், அதாவது சுமார் 6 மோல் சதவீதம். ஐஸில் வைத்து ஆற விடுங்கள். ஏசி அறையில் டிஎம்எஸ்ஓ பாட்டில் கட்டியாகியிருந்தால் பயப்பட வேண்டாம், அதன் உருகுநிலை 18.5 டிகிரி, கையில் பிடித்தாலே இளகும். வடிகட்டுவதென்றால் நைலான் அல்லது பிடிஎஃப்இ ஃபில்டர்தான். செல்லுலோஸ் அசிடேட்டை டிஎம்எஸ்ஓ கரைத்துவிடும்.
2. 1 கோடி செல்களை 200 ஜியில் (புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு விசை) 5 நிமிடம் சுழற்றி, அடியில் படிந்த செல்களை 2.5 மி.லி. குளிர்ந்த, சீரம் சேர்த்த மீடியத்தில் கலைத்துவிடுங்கள்.
3. கலவையைச் சொட்டுச் சொட்டாக, குழாயை மெல்லச் சுழற்றியபடி 2 அல்லது 3 நிமிடத்தில் சேருங்கள். வயலுக்கு 1 மி.லி., அதில் 20 லட்சம் செல்.
4. கலவை பட்டதிலிருந்து 10 நிமிடத்துக்குள் வயல்கள் ஃப்ரீசருக்குள் இருக்க வேண்டும்.

குளிர வைக்க ஐசோபுரொப்பனால் பெட்டி (வயல்களைச் சுற்றி அந்த ஆல்கஹால் நிரப்பியது) போதும். மைனஸ் 80 ஃப்ரீசரில் ஓர் இரவு. ஆல்கஹாலை 5 தடவைக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது ஈரம் இழுத்துக்கொள்ளும், குளிரும் வேகம் மாறிவிடும். வேகம் கூடினால் நீர் வெளியேற நேரமில்லாமல் செல்லுக்குள்ளேயே பனி கட்டும். மிகக் குறைந்தால் செல் வற்றி, சவ்வுகள் ஒன்றோடொன்று நெருங்கி, கொழுப்பு அடுக்கு குழாய் வடிவத்துக்கு மாறக்கூடும். உருகும்போது அங்கே ஓட்டைதான் மிஞ்சும்.

மறுநாளே திரவ நைட்ரஜன் ஆவிக்கு மாற்றிவிடுங்கள். டிஎம்எஸ்ஓ கரைசல் கண்ணாடிபோல் இறுகுவது மைனஸ் 120க்கும் கீழேதான். மைனஸ் 80இல் பனித்துகள்கள் மெதுவாகப் பெருத்துக்கொண்டே இருக்கும். "இடமில்லை, அங்கேயே கிடக்கட்டும்" என்று மாதக்கணக்கில் விட்ட வயலை நம்பக்கூடாது.

உருக்குவது

வேகமாகக் குளிர வைக்காதே, வேகமாக உருக்கு. 37 டிகிரி நீரில் வயலை அசைத்துக்கொண்டே இருங்கள். கடுகளவு பனி மிஞ்சியதும் எடுத்துவிடுங்கள். திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடந்த வயல் உள்ளே நைட்ரஜன் புகுந்து வெடிக்கலாம். முகக்கவசம் கட்டாயம்.

அடுத்ததுதான் நிறையப் பேர் அவசரப்படும் இடம். செல்லுக்குள் இப்போது டிஎம்எஸ்ஓ நிறைந்திருக்கிறது. 9 மி.லி. மீடியத்தை மொத்தமாக ஊற்றினால், டிஎம்எஸ்ஓ வெளியேறுவதற்குள் நீர் உள்ளே பாய்ந்துவிடும். கொழுப்புச் சவ்வின் பரப்பு சில சதவீதமே இழுபடும். அதற்கு மேல் கிழியும். அதனால் முதல் 1 மி.லி.யை ஒரு நிமிடம் எடுத்துச் சொட்டுங்கள், பிறகு மீதியைக் கொஞ்சம் வேகமாக. 200 ஜியில் 5 நிமிடம் சுழற்றி, புது மீடியத்தில் தட்டில் இடுங்கள்.

உருக்கிய உடனே டிரிப்பான் புளூ (செத்த செல்லில் மட்டும் ஏறும் நீலச் சாயம்) காட்டும் எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். அடிபட்ட சவ்வு பல மணி நேரம் கழித்துத்தான் விட்டுக்கொடுக்கும். 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள்.

எச்எல்-60 (மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்) போன்றவற்றுக்கு டிஎம்எஸ்ஓவைத் தவிர்ப்பது நல்லது; 1.3 சதவீதம் அளவிலேயே அவற்றை வேறு வகைச் செல்லாக மாறத் தூண்டிவிடும். 10 சதவீத கிளிசரால் போடலாம். அதை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்துகொள்ளலாம் என்பது வசதி. ஆனால் சவ்வை மெதுவாகத்தான் கடக்கும்: சேர்த்தபின் அறை வெப்பத்தில் 10, 15 நிமிடம் பொறுங்கள், உருக்கிய பிறகு சொட்டும் வேகத்தையும் பாதியாக்குங்கள்.