சோடியம்-22 மூலத்தைக் கொண்டு பாசிட்ரான் அழிவை அளப்பது எப்படி

எலக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகளான பாசிட்ரானைப் பிடித்து நிறுத்தி ஆராயும் வசதி கல்லூரி ஆய்வகங்களில் இல்லை. திண்மப் பொருளுக்குள் நுழைந்த பாசிட்ரான் ஓரிரு மில்லிமீட்டர் செல்வதற்குள் வேகமிழந்து, பெரும்பாலும் ஒரு நானோ நொடிக்கும் குறைவான நேரத்தில் ஓர் எலக்ட்ரானுடன் சேர்ந்து அழிந்துவிடுகிறது. அந்த அழிவில் பிறக்கும் இரண்டு காமா கதிர்களை மட்டும் முதுகலை இயற்பியல் மாணவர் எவரும் இரண்டு சோடியம் அயோடைடு உணர்கருவிகளைக் கொண்டு அளந்துவிட முடியும். பல செய்முறைக் குறிப்பேடுகளில் இச்சோதனை ஒரு கோண வரைபடத்தோடு முடிந்துவிடுகிறது. வரைபடத்தின் உச்சம் எதனால் வந்தது, அகலம் எதனால் வந்தது, அடியில் பூஜ்யமாகாமல் நிற்கும் எண்ணிக்கை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குச் சோதனையைச் செய்வதற்கான வழிமுறை இது.

முதலில் மூலம். சோடியம்-22 அணுக்கருவில் நூற்றுக்குத் தொண்ணூறு சிதைவுகளில் ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி, ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரினோவும் வெளிப்படுகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பாலும் அணுக்கரு தன் சுற்றுப்பாதை எலக்ட்ரான் ஒன்றையே கவர்ந்துகொள்கிறது. ஏறத்தாழ எல்லாச் சிதைவுகளிலும் மகவான நியான்-22 கிளர்வு நிலையில் பிறந்து, சில பிக்கோ நொடிகளில் 1274 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு காமா கதிரையும் விடுகிறது. இந்தக் கதிரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதுவே தொல்லை தரும். மூலத்தின் அரை ஆயுட்காலம் 2.6 ஆண்டுகள் என்பதால், மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள கதிரியக்க அளவை (நொடிக்கு எத்தனை சிதைவுகள் என்பதை) அப்படியே நம்பாமல், தயாரித்த தேதியைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு பழைய மூலத்தில் கால் பங்குதான் மிஞ்சியிருக்கும்.

சோடியம்-22 பாசிட்ரானின் அதிகபட்ச ஆற்றல் 546 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அலுமினியத்தில் அது 0.7 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே வட்டு வடிவ மூலத்தின் இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடுகளை வைத்து மூடுவது முதல் வேலை. இதை வேண்டாத சடங்கென்று விட்டுவிடுபவர்கள் உண்டு. மூலத்தின் ஒரு பக்கம் மெல்லிய சாளரமாக இருந்தால், அவ்வழியே தப்பிய பாசிட்ரான்கள் காற்றில் பறந்து மேசையிலோ உணர்கருவியின் மூடியிலோ போய் அழியும். அப்போது கதிர்கள் எங்கிருந்து புறப்பட்டன என்பதே தெரியாமல் போய்விடும். மூலத்தை இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். சுரண்டவோ பிரிக்கவோ கூடாது.

தகட்டுக்குள் நின்ற பாசிட்ரானும் அதனோடு அழியும் எலக்ட்ரானும் ஏறத்தாழ ஓய்வில் இருப்பவை. இரண்டின் நிறையும் முழுவதுமாக ஆற்றலாக மாறும்போது 1022 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. இது ஒரே காமா கதிராக வெளியேற முடியாது. ஓய்விலிருந்த இணையின் மொத்த உந்தம் சுழியாக இருக்க, ஒற்றைக் கதிர் எந்தத் திசையில் சென்றாலும் உந்தத்தைச் சுமந்தே செல்லும். ஆகவே குறைந்தது இரண்டு கதிர்கள் வேண்டும். அவை இரண்டாக இருந்தால் 511 வீதம் ஆற்றலைச் சமமாகப் பகிர்ந்துகொண்டு, நேர் எதிர்த் திசைகளில் சென்றாக வேண்டும். நாம் 180 டிகிரியில் தேடுவது இந்த உந்த அழியாமை விதியைத்தான்.

இனி அளவீடு. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு உணர்கருவிகளைச் சுழல் மேசையின் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் வையுங்கள். ஒன்று நிலையாக இருக்கட்டும், மற்றொன்று சுழலட்டும். உயர் மின்னழுத்தம் கொடுத்து அரை மணி நேரம் காத்திருந்த பிறகு, சீசியம்-137 மூலத்தின் 662 முகட்டையும் கோபால்ட்-60 மூலத்தின் 1173, 1332 முகடுகளையும் கொண்டு ஆற்றல் அளவைக் குறியுங்கள். அதன் பிறகு சோடியம்-22 நிறமாலையை எடுத்தால் 511-இல் உயர்ந்த முகடும், அதற்கு இடப்புறம் 341 அருகே காம்ப்டன் விளிம்பும் (எலக்ட்ரானில் மோதிச் சிதறும் கதிர் கருவியில் விடக்கூடிய அதிகபட்ச ஆற்றல்), 170 அருகே சுற்றுப்புறத்தில் பட்டுத் திரும்பிவந்த கதிர்களின் தாழ்வான பின்சிதறல் மேடும், வலக்கோடியில் 1274 முகடும் தெரியும். இரண்டு கருவிகளிலும் குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள் வரும் துடிப்புகளை மட்டும் அனுமதிக்கும் சிங்கிள் சேனல் அனலைசரின் சாளரத்தை 511 முகட்டை மட்டும் உள்ளடக்குமாறு அமையுங்கள். படிகத்தில் எழும் ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிமின்பெருக்கியின் பெருக்கம் அறை வெப்பநிலையோடு நகரும் தன்மையுடையது. நடுவில் குளிர்சாதனம் நின்றுபோனால், முகடு சாளரத்தை விட்டு மெல்ல வெளியேறிக்கொண்டிருப்பது எண்ணிக்கை குறைந்த பிறகுதான் தெரியவரும். மணிக்கு ஒரு முறை முகட்டின் இடத்தைச் சரிபார்ப்பது நல்லது.

இரண்டு சாளரங்களின் வெளியீட்டையும் கோயின்சிடென்ஸ் அலகில் இணைத்தால், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்த துடிப்புகள் மட்டும் எண்ணப்படும். தொடர்பில்லாத இரண்டு கதிர்கள் தற்செயலாகச் சேர்ந்து வருவதும் இதில் அடங்கும். கருவியின் பிரிதிறன் நேரம் (இரண்டு துடிப்புகளை ஒரே நேரத்தவையாகக் கொள்ளும் இடைவெளி) 0.5 மைக்ரோ நொடி, ஒவ்வொரு சாளரத்திலும் நொடிக்கு 100 எண்ணிக்கை என்றால், தற்செயல் வீதம் இரண்டு எண்ணிக்கைகளின் பெருக்கத்தோடு பிரிதிறன் நேரத்தின் இருமடங்கைப் பெருக்கிக் கிடைப்பது. அதாவது நொடிக்கு 0.01. கணக்கோடு விட்டுவிடாமல், ஒரு கிளையில் சில மைக்ரோ நொடித் தாமதம் கொடுத்து எண்ணியும் பாருங்கள்; அப்போது உண்மை இணைகள் விலகிப்போய், தற்செயல் சேர்க்கைகள் மட்டுமே எண்ணப்படும்.

180 டிகிரியில் தொடங்கி இருபுறமும் 2 டிகிரி இடைவெளியில் 20 டிகிரி வரையும், அதற்கப்பால் 60, 90 டிகிரி விலகல்களிலும் எண்ணுங்கள். ஒரு மைக்ரோ கியூரி மூலத்துக்கு உச்சத்தில் நொடிக்குப் பத்துக்கணக்கில் வரும் எண்ணிக்கை ஓரங்களில் மிகவும் இளைத்துவிடும் என்பதால், அங்கே பல மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். எல்லாக் கோணத்துக்கும் ஒரே நேரம் என்ற பழக்கம் இங்கே உதவாது. உச்சம் 180-இல் வராமல் தள்ளி வந்தால் இயற்பியலைச் சந்தேகிப்பதற்கு முன் மூலத்தின் இடத்தைப் பாருங்கள்: மையத்திலிருந்து குறுக்கே 5 மில்லிமீட்டர் விலகியிருந்தாலே உச்சம் ஏறக்குறைய 3 டிகிரி நகர்ந்துவிடும்.

தேர்வில் பெரும்பாலோர் தடுமாறுவது அடித்தளத்தில்தான். 90 டிகிரியில் எண்ணிக்கை தற்செயல் வீதத்தைவிடத் தெளிவாகக் கூடுதலாகவே நிற்கும். காரணம், அந்த 1274 காமா. அது ஓர் உணர்கருவியில் காம்ப்டன் சிதறலுக்கு உள்ளாகித் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுச்சென்றால், அந்தப் பகுதி சில நேரம் 511 சாளரத்துக்குள் விழும்; மற்றொரு கருவியில் அதே சிதைவின் உண்மையான 511 கதிர் விழும். இரண்டும் ஒரே அணுக்கருவின் சிதைவிலிருந்து வந்தவை என்பதால் தாமத முறையில் இவை கழிபடா. பாசிட்ரான் அழியும் திசைக்கும் 1274 கிளம்பும் திசைக்கும் தொடர்பில்லாததால், இந்த எண்ணிக்கை எல்லாக் கோணங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். எனவே 60, 90 டிகிரி விலகல்களில் கிடைத்த சராசரியை முழு வரைபடத்திலிருந்தும் கழித்துவிடலாம்.

கழித்த பின் உச்சத்திலிருந்து 6 டிகிரி விலகலில் எண்ணிக்கை பாதியாகும், 14 டிகிரியில் ஏறத்தாழ இல்லாமல் போகும். இது பாசிட்ரானின் பண்பு என்று எழுதிவிடக் கூடாது. 20 சென்டிமீட்டர் தொலைவில் 5 சென்டிமீட்டர் விட்டம் அடைக்கும் கோணமே 14 டிகிரிதான். உண்மையான விலகலும் உண்டு, ஆனால் அது மிகச் சிறியது. அழியும் எலக்ட்ரான் பொருளுக்குள் அசைந்துகொண்டிருப்பதால், அதன் உந்தம் கதிர்களைச் சற்றே சாய்க்கிறது. 10 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலுள்ள எலக்ட்ரானுக்கு அச்சாய்வு அதிகபட்சம் 6 மில்லிரேடியன், அதாவது மூன்றில் ஒரு டிகிரியளவு. நம் மேசையில் அது தெரியாது. ஆற்றலை இன்னும் நுட்பமாகப் பிரித்தறியும் ஜெர்மேனியம் உணர்கருவி கிடைத்தால் அதே உந்தத்தின் மறுபக்கத்தைக் காணலாம்: டாப்ளர் விளைவால் 511 முகடு, ஆற்றலில் இருமடங்குக்கும் மேலான 1274 முகட்டைவிட அகன்று தெரியும். உலோகங்களில் அணு இல்லாத வெற்றிடங்களைப் பாசிட்ரான் தேடிச் சென்று தங்குவதால், இந்த அகலமும் பாசிட்ரானின் ஆயுளும் அக்குறைகளைக் காட்டிக்கொடுக்கின்றன. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணு உலைப் பொருள்களை இவ்வகையில் ஆராய்கிறார்கள்.

மூன்றாவது உணர்கருவி ஒன்று கையில் இருந்தால் ஒரு படி மேலே போகலாம். பாசிட்ரானும் எலக்ட்ரானும் அழிவதற்கு முன் ஹைட்ரஜன் அணுவைப் போன்ற பாசிட்ரானியம் என்ற பிணைப்பில் சேர்வதுண்டு. மார்ட்டின் டாய்ச் 1951-இல் இதை வாயுக்களில் கண்டறிந்தார். இரு துகள்களின் தற்சுழற்சிகள் எதிரெதிராக இருந்தால் வெற்றிடத்தில் 0.125 நானோ நொடியில் இரண்டு கதிர்களாகவும், ஒரே திசையில் இருந்தால் 142 நானோ நொடியில் மூன்று கதிர்களாகவும் அழியும். உணர்கருவிகளை ஒரே தளத்தில் 120 டிகிரி இடைவெளியில் வைத்து, ஒவ்வொரு சாளரத்தையும் 341-க்கு மாற்றினால் அந்த மூன்று கதிர்களைத் தேடலாம். பிணைப்பு ஏற்படாத சாதாரண அழிவுகளில் இவ்வகை ஏறத்தாழ 370-க்கு ஒன்றுதான் என்பதாலும், 511 கதிரின் காம்ப்டன் விளிம்பும் இதே 341-இல் வந்து கலப்பதாலும், கருவிகளுக்கிடையே ஈயக் கட்டிகளை வைத்து, நாள்கணக்கில் எண்ணுவதற்கு ஆய்வகப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.