நின்றுபோன மொறிஸ் மைனரை வீட்டிலேயே மீண்டும் வீதிக்குக் கொண்டுவருதல்

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் காத்திருந்த காலத்தில், கொழும்பில் பல வீடுகளின் முன்றிலில் பழைய கார்கள் உறை போட்டு மூடப்பட்டன. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அப்பா விட்டுச்சென்ற 1961ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000 காரும் அவ்வாறே நின்றது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் உறையை நீக்கியபோது டயர்கள் நான்கும் காற்றிறங்கித் தரையோடு படிந்திருந்தன; பிரேக் மிதி ஒரு தடையுமின்றி அடிவரை சென்றது; பின் ஆசனத்தின் கீழ் எலி கூடு கட்டியிருந்தது. அதனை மீண்டும் ஓடவைக்க ஐந்து மாதங்களின் வார இறுதிகள் செலவாயின. இத்தகைய கார் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்குவது என்று தயங்கி நிற்பவர்களுக்காக, அந்த ஐந்து மாதங்களில் கற்றவற்றை எழுதுகிறேன். இங்கே தரும் அளவுகள் மைனருக்கு உரியவை. ஆனால் வேலையின் ஒழுங்கு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் ஹில்மன் மிங்ஸுக்கும் பொருந்தும்.

அந்த ஒழுங்கைத்தான் முதலில் வலியுறுத்த விரும்புகிறேன். நின்றுபோன காரைக் கண்டதும் எல்லோருக்கும் எழும் ஆசை, பற்றரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்ப்பதே. இயந்திரம் ஒரு தடவை இயங்கிவிட்டால் வீடே மகிழும். மறுநாள் யாராவது ஒருவர் அதனை ஒழுங்கையில் ஓட்டிப் பார்க்கவும் துணிவார். பிரேக் பிடிக்காத காரில் நன்றாக ஓடும் இயந்திரம் இருப்பது, இயந்திரமே இல்லாதிருப்பதைவிட ஆபத்தானது. ஆகவே முதலில் பிரேக், அடுத்து முன்சில்லுகளைத் தாங்கும் பாகங்களும் டயர்களும், அதன் பின்னரே எரிபொருளும் இயந்திரமும் என்ற வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம்.

பணம் செலவழிக்கத் தொடங்கும் முன்னர் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதிலுள்ள செசி இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் நாட்டில் ஓடும் பழைய கார்களில் எப்போதோ ஒரு காலத்தில் இயந்திரம் மாற்றப்பட்டிருப்பது சாதாரணம். அந்த மாற்றம் பதிவில் ஏறாதிருந்தால் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிசெய்தாக வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாதிருந்தால், நிலுவை உண்டா என்பதைப் பிரதேச செயலகத்தில் இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

வேலை செய்யும் இடம் சமதளமான சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். ஜக்கால் உயர்த்திய காரின் கீழ், அதற்கென உள்ள இரும்புத் தாங்கிகளை வைக்காமல் ஒருபோதும் உடலை நுழைக்காதீர்கள். சீமெந்துக் கற்களை அடுக்கி அதன்மேல் காரை வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கற்கள் எவ்வித முன்னறிவிப்புமின்றி நொறுங்கும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கிவிடுவதால், திறந்த முன்றிலில் வேலை செய்பவர்கள் ஜனவரியிலேயே தொடங்குவது உகந்தது.

முதல் நாள் வேலை, ஒரு திருகாணியோட்டியையும் மின்சூளையும் எடுத்துக்கொண்டு துருவைத் தேடுவதாகும். கடலுக்கு அண்மையில் நின்ற காருக்கு இது மிக முக்கியம். மைனருக்குத் தனியான செசி கிடையாது. உடலும் அடித்தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. ஆதலால் முன்புறக் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், கதவுகளின் கீழுள்ள ஓரச் சட்டங்கள், பின் வில்தகடுகள் பூட்டப்படும் இடங்கள், சாரதியின் காலடித் தகடு ஆகியவற்றைத் திருகாணியோட்டியின் நுனியால் அழுத்திப் பாருங்கள். மட்காட்டில் உள்ள துரு அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். மேற்சொன்ன இடங்களில் நுனி உள்ளே இறங்கினால் கார் பாரத்தைத் தாங்காது. அந்த வெல்டிங் வேலையை வீட்டில் செய்ய முயலாமல் அனுபவமுள்ள ஒரு வெல்டிங் பாஸிடம் (கைவினைஞரிடம்) ஒப்படையுங்கள். மேலே புட்டி பூசி மறைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இனி பிரேக். மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். நான்குக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான் உண்டு. இன்றைய கார்களில் ஒரு சுற்று பழுதானாலும் மற்றையது பிடிக்கும். மைனரில் ஒரு குழாய் வெடித்தால் கைப்பிரேக்கைத் தவிர வேறொன்றும் எஞ்சாது. இதனால் சந்தேகத்துக்குரிய எந்தப் பாகத்தையும் 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும்' என்று விட்டுவைப்பதற்கு இங்கே இடமில்லை.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே தங்கியிருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்து வெளியேற்றவோ கூடாது. டிரம்மோடு உரசிப் பிடிக்கும் பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டொஸ் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பின்னர் சில்லு சிலிண்டர்களின் றப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் உள் வாஷர் தேய்ந்துவிட்டது. சிலிண்டரின் உட்சுவரில் துருக் குழிகள் இருந்தால் வாஷரை மட்டும் மாற்றுவது வீண். புதிய வாஷரையும் அந்தக் குழிகள் சில வாரங்களில் கிழித்துவிடும். பின்சில்லில் தென்படும் ஈரம் தடித்துக் கறுத்திருந்தால், பின் அச்சின் சீல் வழியாகக் கியர் ஒயில் கசிந்து லைனிங்கில் ஏறியிருக்கிறது என்று பொருள். அந்த லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்த இயலாது.

மிதியை அழுத்தும்போது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் பம்ப் இருக்கும் இடத்தைப் பலர் தேடிக் களைத்துப்போவார்கள். அது சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழுள்ள சிறு மூடியின் அடியில், அடிச்சட்டத்துக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகளை வெளியே இழுக்கும்போது முன்புறத் தொங்கலின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். அதனை விலக்காமல் போல்ட்டுகள் வெளியே வரமாட்டா. இந்த ஒரு வேலைக்கு மட்டும் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. ஆகவே பம்பைக் கழற்றும் நிலை வந்தால், அதனைப் புதுப்பித்தே மீண்டும் பூட்டுங்கள். றப்பர் பாகங்களைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவக்கூடாது, அவை ஊதிப்போகும். பிரேக் ஒயிலாலேயே நனைத்துப் பூட்ட வேண்டும்.

வளையும் றப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே வீங்கி அடைபட்டிருக்கலாம். மிதியை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். காலை எடுத்த பின்னரும் விடாது. வயது தெரியாத குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; கொழும்பின் ஈரப்பதத்தில் அது விரைவாகவே நிகழும். நீர் கலந்த ஒயில் உள்ளிருந்து துருவை உண்டாக்குவதோடு, சூடேறும்போது குமிழிவிட்டு மிதியை மெத்தென்றாக்கும். எனவே மூடி திறந்து நெடுநாள் இருந்த போத்தலைப் பயன்படுத்தாமல், புதிதாக வாங்கிய டொட் 4 வகையை ஊற்றி, பம்பிலிருந்து மிகத் தொலைவிலுள்ள பின் இடது சில்லில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுங்கள். மிதியை அழுத்த ஒருவர் உதவிக்குத் தேவை. எனக்கு என் மகள் உதவினாள். இறுதியாகச் சரிசெய் திருகுகளை, முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் டிரம்மில் ஒன்று என்ற கணக்கில், சில்லு இறுகும் வரை திருகி, அது தடையின்றிச் சுழலும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள்.

பாகங்கள் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குச் செல்பவர்கள் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். 948 சீசீ மைனரின் முன் டிரம் 7 அங்குலம்; 1962இல் வந்த 1098 சீசீ மைனருக்கு அது 8 அங்குலம். 'மைனர் லைனிங்' என்று மட்டும் கேட்டால் எது கிடைக்கும் என்று சொல்ல இயலாது. பழையதைக் காட்டினால், அங்குள்ள முதிய வியாபாரிகள் கண்ணால் பார்த்தே இனங்காண்பார்கள். அந்த அறிவுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மைனரின் முன்சில்லைத் தாங்கும் கிங்பின்னின் கீழ்முனை, ஒரு தாங்கிக்குள் மரையால் பூட்டப்பட்டிருக்கிறது. கிறீஸ் இன்றி அந்த மரை தேய்ந்துபோனால், ஓடிக்கொண்டிருக்கும்போதே முனை கழன்று சில்லு பக்கவாட்டில் மடிந்துவிடும். மைனரின் மிகப் பெரிய குறைபாடு இதுவே. சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தட்டும் உணர்வு இருந்தால் பாகத்தை மாற்றுங்கள். நன்றாக இருந்தாலும், பாரம் இல்லாத நிலையில் பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும் வரை புதியதை ஏற்றுங்கள். நான் ஒவ்வொரு 1,000 மைலுக்கும் இதனைச் செய்கிறேன்.

டயரின் பக்கவாட்டிலுள்ள கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ ஆழமாக இருந்தாலும் பத்து ஆண்டு கடந்த டயரை நம்ப வேண்டாம். பழைய 5.20-14 அளவுக்கு ஈடாக 145/80 ஆர் 14 பொருந்தும்.

எரிபொருள் தாங்கியில் எஞ்சிய பழைய பெற்றோலை முழுவதும் வடித்தெடுங்கள். அது பிசினாக மாறிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். எஸ்யூ காபரேற்றரின் மிதவை அறையைத் திறந்து கழுவி, பிஸ்ரன் மேலிருந்து தானாக விழுந்து 'டக்' என்ற ஒலியோடு அமர்கிறதா என்று பாருங்கள்.

இயந்திரத்தின் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, இரண்டு நாட்கள் ஊறவிடுங்கள். மைனரில் முன்புறமாகக் கைப்பிடி செருகிச் சுழற்றும் வசதி இருப்பது பெரும் பேறு. மூன்றாம் நாள் அதனால் மெதுவாகச் சுழற்றுங்கள். இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாமல் மேலும் சில நாட்கள் காத்திருங்கள். சுழன்ற பின்னர் ஒயிலையும் ஒயில் வடிகட்டியையும் மாற்றி, 20டபிள்யூ-50 வகையில் ஏறத்தாழ 3.7 லீற்றர் ஊற்றுங்கள். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015, பிளக் இடைவெளி 0.025. பிளக்குகளை இன்னும் பூட்டாமல், ஒயில் எச்சரிக்கை விளக்கு அணையும் வரை ஸ்ராட்டரால் சுழற்றினால், முதல் பற்றலுக்கு முன்பே பெயரிங்குகளுக்கு ஒயில் சென்றுவிடும்.

மின்சாரத்தில் ஓர் எச்சரிக்கை. மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படுகிறது. இன்றைய கார்களுக்கு இது நேர்மாறு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கராஜில் இதை அறியாத இளைஞர் ஒருவர் பற்றரியை மாற்றிப் பூட்டியதால், அப்பா ஆசையோடு பொருத்திய வானொலி எரிந்துபோயிற்று. இணைப்புக்கு அருகே 'நேர்முனை உடலுக்கு' என்று எழுதி ஒட்டிவையுங்கள். முகப்பு விளக்குகளின் சுற்றுக்கு ஃபியூஸ் கிடையாது. எலி கடித்த வயர் ஒன்று உடலைத் தொட்டாலே தீப்பிடிக்கலாம். ஆகவே வயர் முழுவதையும் கையால் தடவிப் பார்த்த பின்னரே பற்றரியை மாட்டுங்கள்.

இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. பழைய சிலிண்டர் ஹெட்டில் கடினப்படுத்திய வால்வு இருக்கைகள் இல்லையெனில், நீண்ட தூரம் அதிவேகத்தில் ஓட்டும்போது அவை தேயும். நகருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு உடனடிக் கவலை இல்லை. ஹெட்டைக் கழற்ற நேரும்போது மாற்றிக்கொள்ளலாம். 92 ஒக்ரேன் பெற்றோல் போதுமானது. காலி வீதியின் நெரிசலில் இயந்திரம் கொதிப்பதுதான் அதைவிட அன்றாடத் தொல்லை. றேடியேற்றரை எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் தீரும்.

புகைப் பரிசோதனைக்குச் செல்லும் முன்னர் காபரேற்றர் தரும் பெற்றோல்-காற்றுக் கலவையைச் சரிபாருங்கள். சூடேறிய இயந்திரம் மெதுவாக இயங்கும்போது காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெற்றோல் அதிகம். இயந்திரம் அணைந்தால் குறைவு. கணநேரம் சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கைக்கு வந்ததும் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கலாம். அதுவரை கார் வளவுக்குள்ளேயே ஓடட்டும். பரிசோதனை நிலையத்துக்கு வேறொரு வாகனத்தில் ஏற்றிச் செல்லுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு ஞாயிறு அதிகாலை மரைன் டிரைவ் ஏற்றது. இருபது மைல் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி, பின்னால் எவரும் வராத இடத்தில் பலமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். கார் ஒரு பக்கம் இழுத்தால் திரும்பிச் சென்று டிரம்களைச் சரிசெய்யுங்கள். வீடு திரும்பியதும் ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில்லு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். இரவில் காரின் அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்துவைத்தால், காலையில் எந்த இடத்தில் எந்த ஒயில் சொட்டியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். எங்கள் காரில் அன்று பின் இடது சில்லின் கீழ் ஒரு துளி இருந்தது; அந்தச் சில்லை மறுபடி கழற்றினேன்.