நாட்டுப்புறப் பாட்டின் வரிகளைத் தேடும்போது எங்கே சறுக்குகிறது?

கேட்ட சொல்லைத் திருத்தி எழுதுவதுதான் முதல் தவறு. பாட்டில் வருவது 'நெலம்', 'கொடம்', 'எல'. தேடுபவர் தட்டுவது 'நிலம்', 'குடம்', 'இலை'. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால் சொல்லின் முதல் இகரம் பேச்சில் எகரமாகும், உகரம் ஒகரமாகும். பதிப்பித்தவர்களில் சிலர் ஒலித்தபடியே அச்சிட்டார்கள், சிலர் திருத்திவிட்டார்கள். அதனால் இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டும். ழகரம் வந்தால் இன்னும் சிக்கல்: தெற்கே 'மழை' 'மள' ஆகும், சென்னையில் 'வாழைப்பழம்' 'வாயப்பயம்' ஆகும். ஊர்ப்பெயரையும் நம்ப முடியாது. மதுரை பல பாட்டுகளில் 'மருத'தான்.

முதல் வரியை வைத்துத் தேடுவதும் வீண். 'தன்னானே', 'ஏலேலோ', 'ஆராரோ' எண்ணற்ற பாட்டுகளுக்குப் பொது. தெம்மாங்கில் கண்ணிகளே, அதாவது இரண்டிரண்டு அடிகளாக வரும் பகுதிகளே, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நடுவில் வரும் அபூர்வமான சொல்லைப் பிடியுங்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களின் ஸ்கேனில் பழைய 'லை', 'னை', 'றா' வடிவங்களைக் கணினி தப்பாகப் படிக்கும். தேடல் பெட்டியில் கிடைக்கவில்லை என்றால் நூலில் இல்லை என்று பொருளல்ல. தொகுப்புகள் பெரும்பாலும் தாலாட்டு, ஒப்பாரி, நடவு, கும்மி என்று வகைவாரியாக இருக்கும். வகையை முடிவு செய்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி. நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலில் பல பாடல்களின் அடியில் வட்டார வழக்குச் சொற்கள், சேகரித்தவர், இடம் ஆகியவை உண்டு. வரியை மட்டும் நகலெடுத்து இதை விட்டுவிடுகிறார்கள். இடம் தெரியாவிட்டால் எந்த அகராதியைத் திறப்பது? கரிசல் சொல்லுக்குக் கி. ராஜநாராயணனின் அகராதி, கொங்குச் சொல்லுக்குப் பெருமாள்முருகனுடையது. மாற்றிப் பார்த்தால் பொருள் பிசகும். ஈழத்துப் பாட்டென்றால், ஈழத்து நூல்களைச் சேகரித்து வைத்திருக்கும் 'நூலகம்' என்ற இணையதளத்தில் தொடங்கலாம்.

பாடத் தெரிந்த பெரியவரிடம் "வரியைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். மெட்டு இல்லாமல் சொல்லச் சொன்னால் நாலாவது வரியில் நின்றுவிடும். பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள், குறுக்கே பொருள் கேட்க வேண்டாம். வேறொரு நாள் மறுபடி பாடச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாது; அது பாடியவரின் பிழை அல்ல, இரண்டையும் எழுதி வையுங்கள். எழுதும்போது புரியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் இடம் விட்டு, பதிவில் அது வரும் நிமிடத்தைக் குறித்துவிட்டு, அதே ஊர்க்காரர் இன்னொருவருக்கு அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.