எம்பிராய்டரி மெஷினில் நூல் கூடு, ஒட்டிப்போன பிளவுஸ், புள்ளி போன பெயர்: தடுப்பது எப்படி, பிரிப்பது எப்படி

பிளவுஸின் முதுகில் பூ அழகாக விழுந்திருக்கும். ஃப்ரேமைக் கழற்றித் தூக்கினால் முன்பக்கமும் கூடவே வரும். முதுகும் மார்பும் ஒரே தையலில் ஒட்டிக்கொண்டு, கையை விட வழியே இருக்காது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் கை பழகுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது இதுதான். பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சிரிப்பு வரும், பிளவுஸ் கொடுத்தவருக்கு வராது.

இந்த விளக்கம் ஒற்றை ஊசி உள்ள வீட்டு மெஷினுக்கானது. துணியை மாட்டும் ஃப்ரேம் 100-க்கு 100 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். மெஷினை ஆன் செய்வது, பென் டிரைவிலிருந்து டிசைன் எடுப்பது எல்லாம் கையேட்டிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

1. மெஷினைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்

ஃப்ரேம் நான்கு பக்கமும் ஓடும். பின்னால் சுவரோ, ஜன்னல் கம்பியோ, நூல் டப்பாவோ ஒரே ஒரு முறை தட்டினால் போதும், அதற்குப் பிறகு வரும் தையல் எல்லாம் சில மில்லிமீட்டர் தள்ளியே விழும். பூவின் நிறம் ஓரிடத்திலும் அதன் ஓரக்கோடு வேறிடத்திலும் நிற்பதற்குப் பல நேரம் காரணம் இதுதான். டிசைனைப் பஞ்சிங் செய்து, அதாவது மெஷின் படிக்கும் தையல் ஃபைலாக மாற்றிக் கொடுத்தவரைத் திட்டிப் பயனில்லை. பின்பக்கமும் இடப்பக்கமும் ஒரு அடியாவது காலியாக இருக்கட்டும். புடவை, பெட்ஷீட் மாதிரி கனமான துணி மேசைக்குக் கீழே தொங்கினாலும் ஃப்ரேம் இழுபடும். மிச்சத் துணியை மேசை மேல் ஏற்றித் தளர்வாகப் போடுங்கள்.

2. ஃப்ரேமில் துணி

வெளி வளையத்தின் திருகைத் தளர்த்தி, முதலில் துணியைத் தாங்கும் எம்பிராய்டரி பேப்பர் (ஸ்டெபிலைசர்), அதன் மேல் துணி, அதன் மேல் உள் வளையம். அழுத்தி இறக்கிவிட்டுத் திருகை முறுக்குங்கள். முறுக்கிய பிறகு துணியை ஓரத்தில் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்த துணி தைக்கும்போது நன்றாகத்தான் தெரியும். கழற்றியதும் பழைய அளவுக்குச் சுருங்கும், தைத்த இடம் சுருங்க முடியாது, அதனால் பூவைச் சுற்றி முழுக்கச் சுருக்கம் விழும். இஸ்திரி போட்டாலும் அது போகாது.

பேப்பரில் என் விருப்பம்: டி-ஷர்ட், பனியன் துணிக்குக் கத்தரித்து எடுக்கும் வகை மட்டும். கிழித்து எடுக்கும் பேப்பர் காட்டன் துணிக்கும் பைக்கும் போதும், பனியன் துணியைத் தாங்காது. வெல்வெட்டையும் டவலையும் ஃப்ரேமில் மாட்டவே வேண்டாம். வளையத் தடம் வெல்வெட்டில் அப்படியே நின்றுவிடும். பேப்பரை மட்டும் மாட்டி, தற்காலிகப் பசை ஸ்ப்ரே அடித்து, துணியை மேலே ஒட்டி, டிசைனைச் சுற்றி ஒரு ஓட்டத் தையல் சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். டவலுக்கு மேலே நீரில் கரையும் ஃபிலிம் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் எழுத்து நூல் டவலின் வளையங்களுக்குள் அமுங்கிவிடும்.

3. மேல் எது, கீழ் எது

துணியை மாட்டுவதற்கு முன்பே மாஸ்கிங் டேப்பில் ஒரு அம்புக்குறி வரைந்து துணியின் மேல்பக்கம் ஒட்டுங்கள். பைக்கும் பிளவுஸ் கைக்கும் துணியைத் திருப்பி நுழைப்பதால்தான் பெயர் தலைகீழாகப் போகிறது. அம்புக்குறி உங்களை நோக்கி இருந்தால் திரையில் டிசைனை 180 டிகிரி திருப்ப வேண்டும்.

வலது கைக்கும் இடது கைக்கும் பூ எதிரெதிராக வர மிரர் பொத்தானை அழுத்துவோம். பூவும் பெயரும் ஒரே ஃபைலில் இருந்தால் பெயரும் சேர்ந்து கண்ணாடி எழுத்தாகிவிடும். இரண்டையும் தனித்தனி ஃபைலாக வாங்குங்கள்.

4. ஃப்ரேமுக்கு அடியில் கையை விட்டு ஒரு சுற்று

தைத்து முடித்த பிளவுஸ், பை, குழந்தைச் சட்டை எதுவானாலும் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கிண்ணம் மாதிரி விரித்து, சுற்றியுள்ள துணியைச் சுருட்டி கிளிப் போடுங்கள். கிளிப் மெஷின் கையில் மோதாத தூரத்தில் இருக்கட்டும். ஃப்ரேமை மாட்டியபின் அடியில் உள்ளங்கையை விட்டு நான்கு மூலையும் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு அடுக்கு துணிதான் கையில் பட வேண்டும். பையில் உள் பாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே பெயரும் உள்ளே வாய் மூடிய பாக்கெட்டுமாகப் போன பைகள் நிறைய. நிறம் மாற்ற மெஷின் நிற்கும் ஒவ்வொரு முறையும் கையை விட்டுப் பாருங்கள், சுருட்டியது அதற்குள் அவிழ்ந்திருக்கும்.

5. நூல் கூடு

இதில்தான் பாதிப் பேர் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சீராக ஓடிய சத்தம் சட்டென்று கனத்து 'தொம் தொம்' என்று மாறும். மேலே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடியில் குருவிக் கூடு மாதிரி நூல் சேர்ந்து, துணியை ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டான பிளேட்டோடு கட்டிவைத்திருக்கும்.

கூடு கீழே இருப்பதால் கீழ் நூல் சுற்றிய பாபினில்தான் கோளாறு என்று நினைத்து பாபின் கேஸ் திருகைத் திருகத் தொடங்குகிறார்கள். அந்தத் திருகைத் தொடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். மேல் நூலுக்குப் பிடி இல்லையென்றால், கீழே போன நூலை மேலே இழுத்துக்கொள்ள ஆளில்லை. அது அடியிலேயே குவியும்.

பிடி ஏன் போகிறது? துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கிவைத்துக்கொண்டே நூல் கோர்ப்பதால். ஃபுட் கீழே இருக்கும்போது மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் வெளியே சறுக்கிவிடும். சரியான வரிசை: ஃபுட்டைத் தூக்கு, கை சக்கரத்தை உன் பக்கம் சுற்றி ஊசியை மேலே கொண்டுவா, நூலைக் கோர்த்து, மேலும் கீழும் ஆடும் கொக்கியின் கண்ணில் மாட்டு, ஊசிக்குள் விடு. பிறகு ஃபுட்டை இறக்கி ஊசிப் பக்கம் நூலை இழுத்துப் பாருங்கள். ஊசி லேசாக வளையும் அளவுக்குப் பிடி தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் முழுக்க மறுபடி கோர்க்க வேண்டும். பாதியிலிருந்து சரிசெய்வது நடக்காது.

தொடங்கும்போது மேல் நூலின் நுனியைக் கையில் தளர்வாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு தையல் விழுந்ததும் நிறுத்தி நுனியை வெட்டுங்கள். விட்டுவிட்டால் அந்த நுனியே அடியில் இழுபட்டுக் கூட்டுக்கு அஸ்திவாரம் போடும்.

கூடு கட்டிவிட்டால்: நிறுத்துங்கள். ஃப்ரேமைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள். பட்டு கிழியும், இல்லையென்றால் ஃப்ரேம் ஓடும் கை வளையும். ஃபுட்டைத் தூக்கி, சக்கரத்தை உங்கள் பக்கம் சுற்றி ஊசியை எடுத்து, மேல் நூலை வெட்டுங்கள். ஃப்ரேம் ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் மட்டும் உயர்த்தினால் துணிக்கும் பிளேட்டுக்கும் நடுவே இறுகிய நூல் தெரியும். மெல்லிய வாயுள்ள சின்னக் கத்தரியைப் படுக்கையாக நுழைத்து ஒவ்வொரு இழையாக வெட்டுங்கள். முனை எப்போதும் பிளேட் பக்கம் இருக்கட்டும், துணிப் பக்கம் வேண்டாம். இந்த வேலைக்கு முனை வளைந்த கத்தரியைத்தான் சொல்வேன். சவர பிளேடை நுழைத்தால் எது நூல், எது துணி என்று கைக்குத் தெரியாது.

ஃப்ரேம் வந்தபின் பிளேட்டைக் கழற்றி, பாபின் கேஸை எடுத்து, பஞ்சையும் துண்டு நூலையும் தூரிகையால் தள்ளுங்கள். கேஸின் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். ஊசி குத்திய கீறல் தட்டுப்பட்டால் கேஸை மாற்றியே ஆக வேண்டும், அந்தக் கீறலில் நூல் சிக்கிச் சிக்கி மறுபடி கூடு கட்டும். பாபினும் மெஷினுக்கு உரியதாக இருக்கட்டும். 11.5 மி.மீ. உயர பிளாஸ்டிக் பாபின் கேட்கும் மெஷினில் சாதாரண தையல் மெஷினின் இரும்புப் பாபினைப் போடக்கூடாது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சாட்டின் தையலை (நெருக்கமாகப் பக்கம் பக்கமாக விழும் பட்டைத் தையல்) தைத்துப் பின்பக்கம் திருப்புங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல், இருபுறமும் மேல் நூல் தெரிந்தால் சரி. 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து நூல்வேலை பழகியவை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். முளகுமூடு பக்கம் கை எம்பிராய்டரி தெரிந்தவர்களிடம் துணியைக் கொடுத்தால் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள்.

6. தமிழில் பெயர்

வீட்டு மெஷினோடு வரும் எழுத்துகளில் பெரும்பாலும் தமிழ் இருக்காது, பஞ்சிங் செய்துதான் வாங்க வேண்டும். பெயரை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பினால், பழைய மென்பொருளில் ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறும். படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ அனுப்புங்கள். தைப்பதற்கு முன் திரையில் ஒவ்வொரு எழுத்தாக வாசியுங்கள்.

அடுத்தது புள்ளி. ஒரு புள்ளி என்பது மிகச் சில தையல். எழுத்திலிருந்து அதற்குத் தாவும் ஜம்ப் நூலை வெட்டும்போது புள்ளியும் கத்தரியோடு வந்துவிடும். 'அம்மன்' என்று தொடங்கி 'அமமன' என்று முடிந்த வெல்வெட்டைத் திருவிழாவுக்கு முந்தின இரவு சரிசெய்ய நேரம் இருக்காது. புள்ளி 2 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல், தொடக்கத்திலும் முடிவிலும் நூல் அவிழாமல் பிடிக்கும் பூட்டுத் தையலோடு வேண்டும் என்று பஞ்சிங் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். எழுத்து உயரம் 12 மி.மீ.க்குக் கீழே போனால் 'ஞ', 'ணை' போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். மெஷினிலேயே டிசைனை 10 சதவீதத்துக்கு மேல் சுருக்காதீர்கள். பல மெஷின்களில் தையல் எண்ணிக்கை அப்படியே இருந்து இடம் மட்டும் குறையும், அப்போது நூலும் ஊசியும் ஒடியும்.

திரையில் இலை நீலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். டி.எஸ்.டி. (DST) என்ற வகை டிசைன் ஃபைலில் நிறத் தகவல் கிடையாது, எங்கே நிறம் மாற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். நிற வரிசையைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

7. பாதியில் கரண்ட் போனால்

துணியை ஃப்ரேமிலிருந்து கழற்றவே கூடாது. எத்தனையாவது தையல் என்பதை ஒவ்வொரு நிறம் மாறும்போதும் குறித்துவையுங்கள். ஊசி துணிக்குள் நின்றிருந்தால் சக்கரத்தைச் சுற்றி மேலே எடுத்த பிறகே ஆன் செய்யுங்கள். ஆன் ஆனதும் ஃப்ரேம் ஓடும் கை தானாக நகரும், ஊசி உள்ளே இருந்தால் துணி கிழியும். பத்துத் தையல் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

8. பிரிப்பது

மேல்பக்கத்திலிருந்து பிரிக்காதீர்கள். துணியைத் திருப்பி, பின்பக்கம் நடுவில் தெரியும் பாபின் நூலை மட்டும் ரிப்பரால் (தையல் பிரிக்கும் கருவி) ஒரு சென்டிமீட்டர் வீதம் வெட்டுங்கள். பிறகு முன்பக்கம் டேப்பை ஒட்டி உரித்தால் மேல் நூல் கொத்தாக வரும். ஒட்டிப்போன பிளவுஸுக்கும் இதே முறைதான். இரண்டு துணிக்கும் நடுவே கத்தரியை விட்டால் முதுகில் ஓட்டைதான் மிஞ்சும்.

பின்சேர்க்கை (பலர் கேட்டதால்)

ஓணத்துக்கு செட் முண்டில் பூ வைக்கிறவர்கள் கசவுக் கரையிலிருந்து (ஜரிகைக் கரை) ஒரு சென்டிமீட்டராவது தள்ளித் தொடங்குங்கள். நெருக்கமான தையல் கசவு இழையை அறுத்துவிடும். டிசைனுக்கு ஜரி நூல் என்றால் 90/14 ஊசி, நிமிடத்துக்கு 400 தையல் வேகம் போதும். சாதாரண 40 எண் நூலுக்கு 75/11 ஊசி.

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்குகிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. நீரில் கரையும் ஃபிலிம் காற்றின் ஈரத்திலேயே குழைந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் வேலை முடிந்ததும் ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஊசியையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். துருப் புள்ளி விழுந்த ஊசி நூலைத் திரித்து அறுக்கும். நகத்தில் தேய்த்துப் பார்த்து, சொரசொரப்பாக இருந்தால் அந்த ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.