கலப்பைச் சட்டியைச் சமையல் சட்டி ஆக்குவது: நடு ஓட்டை முதல் பழக்குவது வரை

டிராக்டர் கலப்பையில் மண்ணைப் புரட்டும் குழிந்த இரும்புத் தட்டுக்கு நம் ஊரில் பெயரே சட்டிதான். தேய்ந்துபோய்க் காயலான் கடைக்கு வந்த பிறகும் அதில் நல்ல எஃகு மிச்சம் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஓட்டையை ஒழுங்காக அடைத்து, கைப்பிடி வைத்து, எண்ணெய் ஏற்றிப் பழக்கிவிட்டால் திறந்தவெளியில் விறகு அடுப்பில் மீன் வறுக்கவும், சுக்கா வறுக்கவும், கொத்து பரோட்டா போடவும் இதைவிட வாகான பாத்திரம் கிடையாது. கெட்டுப்போகிற சட்டிகளில் பெரும்பாலானவை அந்த நடு ஓட்டையில்தான் கெடுகின்றன. அதனால் இங்கே அதற்குத்தான் இடம் அதிகம்.

எந்தச் சட்டியை எடுப்பது

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கச் செம்மண்ணில் முந்திரித் தோப்பும் கரும்புக் கொல்லையும் உழுத சட்டிகள் கிடைக்கும். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், பாகூர் போன்ற நெல் வயல் பக்கம் போனால் சேறடிக்க டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலின் வளையங்களைத் தேடுங்கள். அவை அடுப்புத் தாங்கிக்கு ஆகும்.

சட்டிகளில் இரண்டு வகை உண்டு. டிஸ்க் ஹாரோவில் வருவது 18 முதல் 24 அங்குலம், நடுவில் ஒரே ஒரு சதுர ஓட்டை. பெரிய சட்டிக் கலப்பையில் வருவது 24 முதல் 26 அங்குலம், நடு ஓட்டையைச் சுற்றி போல்ட் ஓட்டைகளும் இருக்கும். முதல்முறை செய்பவர்கள் ஹாரோ சட்டியையே எடுக்கட்டும். ஒரு ஓட்டை என்றால் ஒரு வேலை. விளிம்பில் பல் வெட்டிய சட்டி வேண்டாம். பல்லை எல்லாம் அறுத்து எடுத்தால் மிஞ்சுவது தோசைக்கல் அளவுதான்.

எடையும் பாருங்கள். 20 அங்குலம், 4 மில்லி கனம் என்றால் ஏறக்குறைய ஆறரைக் கிலோ. 24 அங்குலம், 5 மில்லி பதினொன்றரைக் கிலோ. 26 அங்குலம், 6 மில்லி என்றால் 16 கிலோ. அதை அடுப்பிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். வீட்டுக்கு 20 அல்லது 22 அங்குலம் போதும்.

வாங்கும் முன் சட்டியை ஓட்டையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டு, சிறு சுத்தியலால் விளிம்பில் தட்டுங்கள். கோயில் மணி போல நீளமாக ஒலித்தால் எடுக்கலாம். ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து டீசல் தடவி, கால் மணி நேரம் கழித்துத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன டீசல் ஊறி வந்து வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரியும். சதுர ஓட்டையின் நான்கு மூலைகளை மட்டும் தவறாமல் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படும்.

சமையலுக்குச் சேர்க்கவே கூடாதவை சில உண்டு: மருந்து அடிக்கும் டேங்க், உர டிரம், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகடு, ஜி.ஐ. போல்ட், குரோம் பூசிய பாகம். துத்தநாகப் பூச்சு சூட்டில் புகைந்தால் அந்தப் புகையே காய்ச்சலைக் கொண்டுவரும்.

பெயிண்ட், துரு

மண்ணையும் கிரீஸையும் சோப்புத்தூளும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தே எடுத்துவிடலாம். பெயிண்ட் அப்படியில்லை. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தியது. இயந்திரத்துக்கு அடிக்கும் பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. அதனால் பழைய பெயிண்டில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தீயில் போட்டு எரிப்பதுதான் பலரும் செய்வது. அது ஈயப் புகையை மூச்சில் ஏற்றும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறியதும் தகட்டால் ஈரத்தோடு சுரண்டி எடுங்கள். சுரண்டியதைச் செய்தித்தாளில் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஆடு மாடு மேயும் இடத்தில் கொட்ட வேண்டாம்.

துருவுக்கு கிரைண்டரில் கம்பி பிரஷ் போதும். குழி விழுந்த துரு என்றால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்துத் தேய்க்கலாம். ஒரு நாளுக்கு மேல் விட்டால் வினிகர் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும். ஊறியதை எடுத்ததும் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, உடனே அடுப்பில் காட்டிக் காய வையுங்கள். கடலூர், புதுச்சேரி உப்புக் காற்றில் வெறும் இரும்பு ஒரு மதியத்துக்குள் செம்பழுப்பாகிவிடும்.

விளிம்பைக் கையால் தொடும் முன் கிரைண்டர் போடுங்கள். மண்ணில் தேய்ந்த விளிம்பு அரிவாள் மாதிரி இருக்கும். மூன்று நான்கு மில்லி உள்ளே தள்ளி அறுத்து, இரண்டு பக்கமும் உருட்டிவிட்டால் கையும் கிழியாது, கரண்டியும் சிக்காது.

நடு ஓட்டை

போல்ட் போட்டு வாஷர் வைத்து முறுக்கினால் ஆகாதா என்று கேட்பார்கள். இரண்டு சமையல் தாங்கும். பிறகு சூட்டில் தளர்ந்து எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் நேராகத் தணலில் விழும். வெல்டிங்தான் வழி. ஆனால் சாதாரண கேட், கிரில் வைக்கிற மாதிரி வெல்டிங் வைத்தால் சட்டி விரிசல் விடும்.

காரணம் இதுதான். கேட் கம்பி மைல்டு ஸ்டீல், அதாவது கார்பன் குறைந்த எஃகு. கலப்பைச் சட்டி கார்பன் கூடிய எஃகு, அல்லது போரான் கலந்த எஃகு. மண்ணில் தேயாமல் இருக்கக் காய்ச்சித் தோய்த்தது. அதில் வெல்டிங் சூடு பட்ட இடம் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடி போல முறுகிவிடும். வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்த முறுகிய இடத்தில் புகுந்து பிளக்கும். பிளவு வெல்டிங்கில் வராது, வெல்டிங்கை ஒட்டிய ஓரத்தில்தான் வரும். உடனேயும் வராது, மறுநாள் வரும். பட்டறையில் பார்க்கும்போது நன்றாக இருந்தது வீட்டுக்கு வந்ததும் விட்டுப்போவது இதனால்தான்.

அடைப்புத் துண்டுக்கு 5 அல்லது 6 மில்லி மைல்டு ஸ்டீல் தகடு. முதலில் சதுர ஓட்டையின் கூர் மூலைகளை அரத்தால் உருட்டுங்கள், அல்லது ஓட்டையையே வட்டமாக்குங்கள். துண்டை நாலு பக்கமும் 2 மில்லி இடைவெளி இருக்கும்படி வெட்டி, துண்டின் ஓரத்தையும் ஓட்டையின் ஓரத்தையும் இரு பக்கமும் சரிவாகச் செதுக்குங்கள். பெரிய தகட்டை அடியில் ஒட்டவைப்பது சுலபம்தான். ஆனால் உள்ளே ஒரு பள்ளம் நின்றுபோகும். அதில் எண்ணெயும் மசாலாவும் தங்கிச் சிக்குப் பிடிக்கும். போல்ட் ஓட்டைகளுக்கு அதே குறுக்களவுள்ள வழவழப்பான இரும்புக் கம்பியிலிருந்து (பிளெயின் ராடு) சிறு துண்டுகள் அறுத்துச் செருகுங்கள்.

வெல்டிங் ராடு 7018 வகை, 2.5 மில்லி. இன்வெர்ட்டர் மெஷினில் ராடு பிடியைப் பிளஸ்ஸில் மாட்டி, 80, 90 ஆம்பியரில் வைக்கலாம். பாக்கெட் அன்றைக்குப் பிரித்ததாக இருக்க வேண்டும். திறந்து வைத்த ராடு நம் கடலோர ஈரத்தைக் குடித்திருக்கும். பட்டறையில் ராடு சுடும் ஓவன் இருந்தால் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் சுட்டு எடுக்கச் சொல்லுங்கள். 309 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ராடு கிடைத்தால் அது இன்னும் பத்திரம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சட்டிக்கு நாலைந்து ராடுதான் செலவாகும். கேட், கிரில்லுக்கு வைக்கும் சாதாரண 6013 ராடு வேண்டவே வேண்டாம்.

இனி சூடேற்றுவது. சவுக்குக் கரித் தணலில் சட்டியை அடிப்பக்கமாக வைத்து, நடுப்பகுதியில் ஒரு துளி தண்ணீர் தெளியுங்கள். துளி பரவிச் சுர்ரென்று வற்றினால் இன்னும் போதவில்லை. முத்து மாதிரி உருண்டு அங்கும் இங்கும் ஓடினால் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. அந்தச் சூட்டிலேயே வேலையை முடிக்க வேண்டும். எதிரெதிராக நாலு புள்ளி வைத்து நிறுத்தி, பிறகு இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மேல் போகாமல் ஒரு பக்கம், எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெல்டிங் மேல் படியும் கசடை (ஸ்லாக்) தட்டி எடுங்கள். உள்பக்கம் முடிந்ததும் திருப்பி வெளிப்பக்கம். நடுவில் டீ குடிக்கப் போனால் துளிச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். கைப்பிடியையும் இதே சூட்டில், இதே ராடில் வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது, காற்றிலும் விடக் கூடாது. ஒரு சாக்கு உமிச் சாம்பலைக் காய்ந்ததாக முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். நெல் அரைக்கும் மில்லில் கிடைக்கும். சட்டியை அதற்குள் முழுவதும் புதைத்து மறுநாள் காலையில் எடுங்கள். உமிச் சாம்பல் சூட்டை மெல்ல மெல்லத்தான் விடும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

எடுத்து 24 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அடிப்பக்கம் வெல்டிங்கைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசிக் காய்ந்ததும், உள்ளே கொஞ்சம் டீசல் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். சுண்ணாம்பில் ஈரப் புள்ளி வந்தால் அங்கே துளை. கோடாக வந்தால் விரிசல். அதன் இரு முனையிலும் 3 மில்லி ஓட்டை போட்டு நிறுத்தி, விரிசலை அடிவரை கிரைண்டரில் தோண்டி எடுத்து, மறுபடி சூடேற்றி 309 ராடில் நிரப்புங்கள். மேலே ஒரு கோடு ஓட்டி மூடினால் அது திரும்ப வரும். சோதனை முடிந்ததும் டீசலைச் சோப்பால் இரண்டு முறை கழுவிவிடுங்கள்.

பிறகு உள்பக்க வெல்டிங்கைச் சட்டியோடு சமமாகும் வரை தேய்த்து, கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டான ஃபிளாப் டிஸ்க்கில் 60 நம்பர், அதன்பின் 80 நம்பர் போடுங்கள். அதோடு நிறுத்துங்கள். கண்ணாடி போல மினுக்கினால் எண்ணெய்ப் படலம் பிடிக்க இடமே இருக்காது.

கைப்பிடியும் தாங்கியும்

கைப்பிடிக்கு 12 மில்லி பிளெயின் ராடு, ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர், வளைத்து நான்கு விரலும் தாராளமாக நுழையும்படி. விளிம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, வெளிப்பக்கத்தில் எதிரெதிரே வையுங்கள். சூடான கைப்பிடியை ஈரத்துணியால் பிடிக்காதீர்கள். ஆவி உள்ளங்கையை வேகவைத்துவிடும். காய்ந்த சாக்குத்துணி நாலு மடிப்பு.

தாங்கிக்கு கேஜ் வீல் வளையத்தை 40 சென்டிமீட்டர் வட்டமாக்கி மூன்று கால் வையுங்கள். நாலு கால் கடற்கரை மணலிலும் தோப்பிலும் ஆடும். தரைக்கும் சட்டிக்கும் 20 முதல் 25 சென்டிமீட்டர். மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து கடல்காற்று வரும். அந்தப் பக்கம் ஒரு தகடு மறைப்பு வைக்காவிட்டால் தீ ஒருபக்கமாகச் சாய்ந்து சட்டியில் பாதி மட்டும் சூடாகும்.

விறகுக்குச் சவுக்கு நல்லது; பற்றவைக்கச் சவுக்கு மிலாரோ பனை மட்டையோ போதும். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோடு மலிவாகக் கிடைக்கும். அதைச் சமையல் தீயில் போடாதீர்கள். தோட்டு எண்ணெயின் புகை கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், சாப்பாட்டிலும் ஏறும்.

பழக்குவது

புது தோசைக்கல்லுக்குச் செய்கிற அதே முறைதான், கொஞ்சம் பொறுமை கூட. சோறு வடித்த கஞ்சியை ஊற்றி ஒரு நாள், புதுக் கஞ்சி ஊற்றி இன்னொரு நாள். கழுவித் தேய்த்து அடுப்பில் ஈரம் போகக் காய்ச்சுங்கள். சட்டி கைக்குப் பொறுக்காத சூடு வந்ததும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ விட்டு, துணியால் உள்ளும் புறமும் தடவி, உடனே வேறு துணியால் எண்ணெயே இல்லை என்று தோன்றும் வரை துடைத்துவிடுங்கள். பிறகு நன்றாகப் புகைய விடுங்கள். புகை அடங்கியதும் அடுத்த பூச்சு. ஐந்தாறு பூச்சில் சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகும். தேங்காய் எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகாது. இதற்கு அது வேண்டாம்.

விரல் வைத்தால் பிசுபிசுக்கிறதா? எண்ணெய் கனமாகிவிட்டது, அல்லது சூடு போதவில்லை. மறுபடி நன்றாகக் காய்ச்சினாலே பாதி சரியாகும். செதில் செதிலாக உரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு அங்கே மட்டும் திரும்பப் பூசுங்கள்.

முதல் சமையல் வெங்காயம். அரைக் கிலோவைப் பெரிதாக நறுக்கி, நிறைய எண்ணெயில் கருகும் வரை விளிம்பு வரை பரப்பி வதக்கிக் கொட்டிவிடுங்கள். அடுத்து முட்டை ஒட்டாமல் வந்தால் மீன் போடலாம். 24 அங்குலச் சட்டியில் அரை லிட்டர் எண்ணெய் விட்டால் நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில், 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிற்கும். அதில் வஞ்சிரம் ஏழெட்டுத் துண்டு போகும். வெந்ததைச் சரிவில் ஏற்றி வைத்தால் எண்ணெய் வடிந்து நடுவுக்கே திரும்பும். ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். சரிவு குறைந்த சட்டி, நுரைத்து வழிந்தால் தீ மேலேறும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மண்சட்டியிலேயே இருக்கட்டும். புளிப்பு படலத்தை அரித்துவிடும்.

காயும் சட்டியில் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சூடு தணிந்ததும் வெந்நீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, துளி எண்ணெய் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதக்கணக்கில் எடுக்காமல் இருப்பதானால் செய்தித்தாள் சுற்றி, தரையில் படாமல் சுவரில் மாட்டுங்கள். தையில் எடுக்கும்போது சிக்கு வாடை அடித்தால் பயப்பட வேண்டாம். வெறும் சட்டியைப் புகை வரும் வரை காய்ச்சி, ஒரு பிடி கல்லுப்புப் போட்டுத் துணியால் தேய்த்துக் கொட்டிவிட்டு, ஒரு பூச்சு எண்ணெய் ஏற்றினால் வாடை போய்விடும்.