குளிர்காலம் முழுக்க நின்ற எம்ஜிபியை ஓட்டத் தயார் செய்வது

பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் இலையுதிர்காலக் கடைசியில் கராஜுக்குள் போனால் மார்ச் முடியும்போதுதான் வெளியே வரும். சாலையில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கதவுக்குக் கீழுள்ள தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். கடைசி உப்புக்குப் பிறகு நல்ல மழை பெய்து சாலை கழுவப்படும்வரை பொறுங்கள். அந்த இடைவெளியில் கீழே சொல்லும் வேலைகளை முடித்துவிடலாம்.

பேட்டரியை மாட்டியதும் சாவியைத் திருப்பக் கை துடிக்கும். அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் எங்கும் ஒழுகவில்லை, பிரேக் பிடித்தால் விடுகிறது, கிளட்ச் விலகுகிறது: இந்த மூன்றும் உறுதியான பிறகுதான் இன்ஜின். இங்கே தரும் அளவுகள் 1798 சிசி இன்ஜினும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரும் உள்ள எம்ஜிபிக்கு. 1975 மாடல் முதல் அமெரிக்காவுக்குப் போன கார்களில் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர் இருப்பதால் கார்புரேட்டர் பகுதி அவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் எலி. ஏர் ஃபில்டர் டப்பாக்களைக் கழற்றி உள்ளே பாருங்கள். கூடு கட்ட அதைவிடப் பிடித்த இடம் எலிக்குக் கிடையாது. ஹீட்டருக்குக் காற்றுப் போகும் வழியையும் பாருங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்திருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். வயர் உறை கடிபட்டிருந்தால் பேட்டரியை மாட்டுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

பிரேக்

காரை ஸ்டாண்டில் ஏற்றி நான்கு சக்கரங்களையும் கையால் சுற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடியே நிறுத்தியிருந்தால் பின் டிரம்மில் ஷூ ஒட்டியிருக்கும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டிரம்மின் விளிம்பைச் சுற்றி ரப்பர் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். இன்ஜின் பலத்தால் இழுத்து விடுவிக்கப் பார்த்தால் ஷூவிலிருந்து லைனிங் பெயர்ந்துவிடும்.

அடுத்து ஒருவரை பெடலை நன்றாக மிதித்து விடச் சொல்லி, உடனே முன் சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசாக உரசும் சத்தம் வரலாம். அது டிஸ்க்கின் மேல்துரு, சில தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். சக்கரம் இறுகியே நின்றால் கேலிப்பரில் ஏர் எடுக்கும் பிளீட் நிப்பிளை அரைச்சுற்று திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்: வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள் ரப்பர் ஊதி, அழுத்தத்தை உள்ளே விட்டுத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கேலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து மாட்டியிருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கேலிப்பருக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் நிறைய. ஹோஸை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சிலிண்டர் உள்ளிருந்து அரிக்கும், இறக்கத்தில் சூடாகும்போது ஆயில் கொதித்துப் பெடல் தொங்கும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் டாட் 4 ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். ஒரு லிட்டர் தாராளமாகப் போதும். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலுள்ள சக்கரத்தில் ஏர் எடுக்க ஆரம்பித்துக் கிட்டத்திலுள்ளதில் முடியுங்கள். பெயின்டில் சொட்டினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பின் பிரேக் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. டிரம்மை மூடும் தகட்டின் பின்பக்கமுள்ள சதுரத் தலையைச் சக்கரம் இறுகும்வரை திருப்பி, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை மட்டும் பின்னால் விடுங்கள். கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), ஹேண்ட் பிரேக் கேபிள், புரொப்பல்லர் ஷாஃப்ட் நிப்பிள்களுக்கு கிரீஸ் அடித்துவிடுங்கள். கிங் பின்னில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். பிதுங்கவே இல்லையென்றால் வழி அடைத்திருக்கிறது.

பெட்ரோல்

இந்தக் காரில் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான். பி சீரிஸ் இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. நின்ற பெட்ரோல் ஆவியாகிக் கோந்து மாதிரி படிந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை அறையின் ஊசி திறந்தபடியே ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் வழியும். அதனால் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

மிதவை அறை மூடிகளைத் திறந்து அடியில் படிந்த பழுப்பு வண்டலைத் துடைத்தெடுங்கள். ஊசியை விரலால் தள்ளி மேலும் கீழும் தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள், டாங்கில் ஐந்து சதவீதம் வரை மட்டுமே எத்தனாலுள்ள இ5 சூப்பர் ஊற்றுங்கள். பழைய பெட்ரோலில் வார்னிஷ் வாடை அடித்தால் இறக்கிவிடுவதே நல்லது. வாடை இல்லையென்றால் புதியதைக் கலந்து ஓட்டித் தீர்க்கலாம்.

கார்புரேட்டர் தலையிலுள்ள டேம்பரைக் கழற்றிப் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டக்’ என்று விழ வேண்டும். பிறகு 20 கிரேடு ஆயில் ஊற்றி டேம்பரை இறக்குங்கள். மூடி உட்கார இன்னும் 6 மி.மீ. இருக்கும்போது எதிர்ப்புத் தெரிந்தால் அளவு சரி.

பேட்டரி, இன்ஜின்

1974 வரையிலான கார்களில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பாருங்கள்: 6.3 இருந்தால் முழு சார்ஜ், 6.0க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஒன்று மட்டும் செத்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 1967 வரையிலான கார்களில் பாசிட்டிவ்தான் பாடியில் ஆர்த். ஜம்ப் கேபிள் போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இனி கிளட்ச். இன்ஜின் நின்றபடியே முதல் கியர் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு காரைத் தள்ளச் சொல்லுங்கள். நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கிறது, அல்லது கிளட்ச் ஆயில் குறைந்திருக்கிறது. ஆயில் சரியாக இருந்தால் பெடலை ஒரு மரக்கட்டையால் அழுத்தி இரவு முழுக்க விட்டுப் பாருங்கள்.

பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். நான்காவது கியரில் காரை மெல்லத் தள்ளினால் இன்ஜின் சுற்றும். ஸ்டார்ட்டரைத் தொடுமுன் எதுவும் இறுகியிருக்கவில்லை என்று தெரிந்துகொள்ள இதுவே வழி. பிளக் இடைவெளி 0.64 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் 0.38 மி.மீ. நின்ற பாயின்ட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் பிடிக்கும், ஸ்பார்க்கே வராது. மிக நுண்ணிய எமரி தாளை இடையில் ஒருமுறை இழுத்து, சுத்தமான அட்டையால் துடையுங்கள்.

இக்னிஷனை மட்டும் போட்டுக் கேளுங்கள். வலது பின்சக்கரப் பக்கமிருந்து எஸ்யூ பம்ப் டக்டக்கென்று வேகமாக அடித்து, வேகம் குறைந்து, நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டாங்க் காலி. உடனே இக்னிஷனை அணைத்துவிட்டுத் தேடுங்கள். சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயின்ட் ஒட்டியிருக்கும். ஸ்பேனர் பிடியால் உடம்பில் ஒரு தட்டு தட்டினால் பல நேரம் உயிர் வரும். ஆனால் அந்தப் பம்ப்பை நம்பித் தூரம் போக வேண்டாம்.

பம்ப் நின்ற பிறகு காயிலுக்கு வரும் வெள்ளை வயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். ஆயில் மீட்டர் முள் எழும்வரை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். பிந்தைய கார்களில் ஃபில்டர் வாய் கீழே இருக்கும்படி தலைகீழாக நிற்பதால் அதிலுள்ள ஆயில் இறங்கிவிடும். முள் எழக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிளக்கை மாட்டி, வயரை இணைத்து, சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்தில் யாராவது ஒருவர் கார்புரேட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்ஜின் சூடான பிறகு ஆயிலை இறக்கி, ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள்: 20டபிள்யூ-50, சுமார் நாலேகால் லிட்டர், துத்தநாகச் சேர்மானம் உள்ளது. நவீன மெல்லிய ஆயில் இந்த இன்ஜினின் கேம், டாப்பட்டுகளைத் தேய்த்துவிடும்.

ரோட்ஸ்டரின் (திறந்த கூரை மாடல்) 165 அளவு டயருக்கு முன்னால் 21, பின்னால் 24 பவுண்டு காற்று. கம்பிச் சக்கரம் என்றால் நடு நட்டைச் செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்குங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்க எண்ணில் கடைசி இரண்டும் வருடம். பத்து வருடத்தைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள்.

ஓட்டாமல் நிறுத்துவதாக அரசுக்குச் சோர்ன் என்ற அறிவிப்பைக் கொடுத்திருந்தால் சாலைக்கு வருமுன் மறுபடி வரிப் பதிவு செய்தாக வேண்டும். நாற்பது வருடம் தாண்டிய காருக்கு வரி பூஜ்யம்தான், ஆனாலும் விண்ணப்பிக்காமல் ஓட்டக்கூடாது. அந்த வயதுள்ள, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. இருந்தும் ஏப்ரலில் பழைய கார்கள் சாலைக்கு வரும் டிரைவ் இட் டே ஊர்வலத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒருமுறை செய்துகொள்வதை வற்புறுத்துவோம். வேறொரு கண் அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது.

முதல் ஓட்டம் பதினைந்து கிலோமீட்டர் போதும். சூடான இன்ஜினில் சீராக ஓடும்போது ஆயில் அழுத்தம் 50 முதல் 80 பவுண்டு, ஐடிலில் 10க்குக் குறையக்கூடாது. திரும்பியதும் நான்கு சக்கரங்களின் நடுவிலும் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடவில்லை. அடியில் பெரிய அட்டையை விரித்துவிட்டுக் காலையில் சொட்டுகளைப் பாருங்கள். கிளட்ச் ஹவுசிங் அடியிலுள்ள துளையிலிருந்து ஓரிரு சொட்டு ஆயில் இந்த இன்ஜினுக்கு வழக்கம். சக்கரத்துக்கு நேரே ஈரம் தெரிந்தால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், டிரம்மைத் திறந்து பார்க்காமல் காரை எடுக்காதீர்கள்.