கிளவுட் கணக்கு முடங்கியபின் நான் மாற்றியவை

கணக்கு முடங்கினால் போவது கோப்புகள் மட்டுமில்லை. வங்கி, டொமைன் (இணையத்தில் நாம் பதிவு செய்யும் பெயர்) என எல்லாவற்றின் கடவுச்சொல் மீட்பு மடலும் அந்தக் கணக்கின் மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வரும். ஒரு நிறுவனம் காரணம் சொல்லாமல் என் கணக்கை நிறுத்தியபோது என்னைத் திணறடித்தது அதுதான். மேல்முறையீட்டில் கணக்கு திரும்பியது. ஆனால் அதை நம்பி இனி இருக்க முடியாது என்று தோன்றியது.

முதலில் சொந்த டொமைனில் மின்னஞ்சல் முகவரி தொடங்கினேன். டொமைனை மின்னஞ்சல் தரும் நிறுவனத்திடமே பதிவு செய்யவில்லை. டொமைனைப் பதிவு செய்து தரும் பதிவாளர் நிறுவனத்தில் உள்ள கணக்கின் மீட்பு முகவரியும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. இப்போது எந்தச் சேவை கைவிட்டாலும் டொமைனின் மடல்கள் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் போதும், புதிய மடல்கள் வேறிடத்துக்கு வந்துவிடும்.

பழைய மடல்கள்தான் சிக்கல். மின்னஞ்சல் செயலிகள் சர்வரிலிருந்து மடல்களைக் காட்டப் பயன்படுத்தும் ஐமேப் என்பது ஒத்திசைவு. சர்வரில் அழிந்தால் கணினியிலும் அழியும். அதனால் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில், கணினியிலேயே இருக்கும் உள்ளூர் கோப்புறைக்கு அவற்றை நகலெடுத்தேன். கிளவுடில் உள்ள கோப்புகளுக்கு, அவற்றை நகலெடுக்கும் ஆர்குளோன் என்ற மென்பொருள். அதில் 'சிங்க்' கட்டளை வேண்டாம், மூலத்தில் இல்லாததை நகலிலும் நீக்கிவிடும், 'காப்பி' போதும். நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில். இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பின் மாற்றுக் குறியீடுகள் காகிதத்தில்.

மிகையென்று நினைப்பவர்கள் 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்ததைப் பார்க்கலாம். கூகுள் கிளவுடில் அவர்கள் பயன்படுத்திய தனிக் கிளவுடே (பிரைவேட் கிளவுட்) தவறுதலாக நீக்கப்பட்டது. மீண்டெழ உதவியவற்றில் ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த நகல்.